இடக்கைக்காரர் தந்தி வாத்தியம் கற்கத் தொடங்கும்போது: எந்தப் பக்கம் பிடிப்பது, எதை மாற்றுவது

கிட்டார் வாங்க முதன்முறையாகக் கடைக்கு வரும் பிள்ளைகளை ஓரமாக நின்று கவனிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. சுவரிலிருந்து இறக்கிக் கொடுக்கும் கிட்டாரைப் பெரும்பாலான பிள்ளைகள் அதன் கழுத்து தங்கள் இடப்பக்கம் நீளும்படி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். எப்போதாவது ஒரு பிள்ளை அதை நேரெதிராகப் பிடிக்கும். உடனே கடைக்காரரோ உடன் வந்த தந்தையோ, "அப்படி இல்லப்பா, இப்படி" என்று சொல்லி அதைத் திருப்பி வைத்துவிடுவார். பிள்ளையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருவர் எந்தக் கையால் மீட்டப் போகிறார் என்பது பல குடும்பங்களில் இப்படி அரை நொடியில் முடிவாகிவிடுகிறது.

நான் இடக்கைக்காரன். பதினைந்து வயதில் இரவல் கிட்டார் ஒன்றைத் தலைகீழாக்கி, தந்திகளை மட்டும் இடம் மாற்றிப் பூட்டி, அது ஏன் எந்தச் சுருதியிலும் நிற்கவில்லை என்று மாதக்கணக்கில் குழம்பியவன். பிற்பாடு சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது அதே குழப்பத்தோடு வந்த மாணவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் பிடிப்பது என்பதை எப்படி முடிவு செய்வது, முடிவு செய்த பின் வாத்தியத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையே இங்கே விளக்க முயல்கிறேன். முடிவு எதுவானாலும் அதைக் கற்கத் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் எடுத்துவிட வேண்டும்; எடுத்த முடிவை அரைகுறையாகச் செயல்படுத்தக் கூடாது. மற்றவையெல்லாம் இவ்விரண்டின் விவரங்களே.

இரு கைகளும் செய்யும் வேலை

தந்தி வாத்தியத்தில் ஒரு கை தந்தியை அழுத்திச் சுரத்தைத் தீர்மானிக்கிறது; மற்றொரு கை மீட்டியோ வில்லை இழுத்தோ ஒலியை எழுப்புகிறது. முதலாவதை அழுத்தும் கை என்றும் இரண்டாவதை மீட்டும் கை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். வழக்கமான அமைப்பில் அழுத்தும் கை இடது, மீட்டும் கை வலது. இதைக் கேட்டதும் பலர் ஒரு கேள்வியை எழுப்புவார்கள்: விரல்கள் ஓடியாட வேண்டிய கடினமான வேலை இடக்கைக்குத்தானே இருக்கிறது, அப்படியானால் வழக்கமான அமைப்பே இடக்கைக்காரருக்குச் சாதகமானதல்லவா? ஆசிரியர்களும் இதையே காரணமாகச் சொல்லி மாணவரை வழக்கமான பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவது உண்டு.

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. வீணையில் ஒரே மெட்டின் (தந்திகளுக்குக் கீழே குறுக்காகப் பதித்த கட்டையின்) மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மீட்டியது ஒரு முறையேயானாலும் அதிலிருந்து இரண்டு மூன்று சுரங்களை வரவழைக்கும் இடக்கையைப் பார்த்தவர் எவரும் அதைத் துணைக் கை என்று சொல்லத் துணியமாட்டார். ஆனால் காலத்தைக் கட்டிப்பிடித்திருப்பது மீட்டும் கை. எந்தத் தந்தி, எந்தக் கணத்தில், எவ்வளவு அழுத்தத்தோடு ஒலிக்க வேண்டும் என்று விடாமல் தீர்மானித்துக்கொண்டே இருப்பது அதுதான். நான் பார்த்த வரையில், அழுத்தும் கையின் தொல்லைகள் (விரல் நுனி எரிச்சல், சுண்டுவிரல் எட்டாமை, மணிக்கட்டு வலி) தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கின்றன. சில மாதங்களில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குறைகின்றன. தாளம் சார்ந்த தடுமாற்றம் அப்படியல்ல. தனக்கு இயல்பில்லாத கையால் மீட்டுகிறவர்களில் சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் மெல்லிய விறைப்பாகத் தங்கிவிடுகிறது.

அழுத்தும் கையைப் பயிற்சி எவ்வளவு தூரம் மாற்றியமைக்கும் என்பதற்கு 1995ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் தாமஸ் எல்பர்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. தந்தி வாத்தியக் கலைஞர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களுடையதைவிட விரிந்திருப்பதையும், சிறு வயதிலேயே தொடங்கியவர்களிடம் அந்த விரிவு கூடுதலாக இருப்பதையும் அவர்கள் கண்டார்கள். எனவே எந்தக் கை அழுத்த வேண்டும் என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்தக் கை தாளத்தைச் சுமக்க விரும்புகிறது என்று கேட்பதே பயன் தரும்.

தன் கையைத் தானே சோதித்தல்

ஒருவர் எந்த அளவுக்கு இடக்கைக்காரர் என்பதை அளக்க ஓல்ட்ஃபீல்ட் என்ற உளவியலாளர் 1971இல் வெளியிட்ட எடின்பரோ வினாப்பட்டியல் இன்றும் புழக்கத்தில் உள்ளது. எழுதுதல், வரைதல், எறிதல், கத்தரிக்கோல், பல்துலக்கி, கத்தி, கரண்டி, துடைப்பம் பிடிக்கையில் மேலே இருக்கும் கை, தீக்குச்சி உரசுதல், பெட்டியின் மூடியைத் திறத்தல் ஆகிய பத்துச் செயல்களுக்கு எந்தக் கை என்று அது கேட்கிறது. நம் வீடுகளில் இதை அப்படியே பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. வலக்கைக்குச் சோற்றுக்கை என்றே பெயர் வைத்திருக்கும் ஊரில், இடக்கையால் உண்ணவும் எழுதவும் தொடங்கிய பிள்ளையைப் பள்ளிக்குப் போகும் முன்பே திருத்திவிடுவார்கள். ஆகையால் எழுத்தையும் உணவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரும் திருத்த மெனக்கெடாத செயல்களைப் பாருங்கள்: தெருவில் கல்லை எறியும் கை, தீக்குச்சியை உரசும் கை, துடைப்பத்தின் மேல்முனையைப் பிடிக்கும் கை. எழுதுவது வலக்கையாலும் பந்து எறிவது இடக்கையாலுமாக இருப்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களில் பலர் தம்மை வலக்கைக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதன் பிறகு வாத்தியத்துக்கே உரிய சோதனைக்கு வரலாம். நல்ல தாளக்கட்டுள்ள ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, வெறுங்கையோடு நின்று கிட்டார் வாசிப்பதுபோல் நடிக்கச் சொல்லுங்கள். எதற்காக என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். காற்றில் மேலும் கீழும் அசைவது எந்தக் கை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்துக் கைதட்டச் சொல்லி, எந்தக் கை அசையாமல் தாங்குகிறது, எந்தக் கை வந்து அடிக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது சோதனைதான் நான் அதிகம் நம்புவது. மேசையின் முன் உட்கார்ந்து, ஒரு கையால் சீராகத் தட்டிக்கொண்டே மற்றக் கையின் நான்கு விரல்களையும் ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு என்ற வரிசையில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்றாக ஊன்ற வேண்டும். ஒரு நிமிடம் செய்தபின் கைகளின் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். விரல் தடுமாறுவதைப் பொருட்படுத்தாதீர்கள். தட்டு எந்தக் கையில் பிசகாமல் நிற்கிறது என்பதை மட்டும் கேளுங்கள். அதுவே உங்கள் மீட்டும் கை.

மூன்றும் இடக்கையையே காட்டினால், கிட்டாரைப் பொறுத்தவரை இடக்கை அமைப்பைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. விடைகள் கலந்து வந்தால் வழக்கமான அமைப்பிலேயே தொடங்குவது நல்லது, ஏனெனில் எந்தக் கடையிலும் எந்த நண்பர் வீட்டிலும் கையில் கிடைப்பது அந்த அமைப்பிலுள்ள வாத்தியமே.

கிட்டாரில் முன்னோர் சென்ற வழிகள்

மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைக்காரர் என்பதால், இந்தச் சிக்கலுக்கு நமக்கு முன்பே பலர் பல விதமாகத் தீர்வு கண்டிருக்கிறார்கள். கிட்டார் கலைஞர்கள் மார்க் நாப்ஃப்ளரும் கேரி மூரும் இடக்கைக்காரர்களாக இருந்தும் வழக்கமான பக்கத்திலேயே பயின்று புகழ்பெற்றவர்கள். பால் மெக்கார்ட்னி இடக்கைக்கென்றே செய்யப்பட்ட ஹாஃப்னர் பேஸ் கிட்டாரை 1961இல் ஹாம்பர்க் நகரில் வாங்கினார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் வலக்கை வடிவத்தைத் தலைகீழாக்கி, தடித்த தந்தி மேலே வரும்படி மறுபடி பூட்டிக்கொண்டார்.

நான்காவது வழிதான் வேடிக்கையானது. வட கரோலினாவில் பிறந்த எலிசபெத் காட்டன் சிறுமியாக இருந்தபோது அண்ணனின் பாஞ்சோவை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். பிறருடைய வாத்தியம் என்பதால் தந்திகளை மாற்ற முடியவில்லை. பின்னர் கிட்டாரையும் அப்படியே பிடித்தார். மற்றவர்கள் கட்டைவிரலால் வாசிக்கும் கீழ்ச்சுரங்களை அவர் விரல்களாலும், விரல்களால் வாசிக்கும் பாட்டின் மெட்டைக் கட்டைவிரலாலும் வாசிக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து பிறந்த ஓசையைப் பின்னாளில் பிறர் படித்துப் பழகும் ஒரு பாணியாகவே ஆக்கிக்கொண்டார்கள். புளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங்கும் மெல்லிய தந்தி மேலே இருக்கும் நிலையிலேயே வாசித்தார். மற்றவர்கள் மேல்நோக்கித் தள்ளி வளைக்கும் அந்தத் தந்தியை அவர் கீழ்நோக்கி இழுத்து வளைத்ததால் அவருடைய வளைவுகளுக்கு ஒரு தனிக் கனம் இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரேனும் அதே வழியில் இறங்க நினைத்தால், எந்தப் பாடநூலும் எந்த ஆசிரியரும் துணைக்கு வர மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். கார்டுகளுக்கான (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கூட்டுகளுக்கான) விரல் அமைப்பை ஒவ்வொன்றாகத் தாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

நடைமுறையில் ஒரு தொடக்க மாணவருக்கு மூன்று வழிகளே உள்ளன: வழக்கமான பக்கம், இடக்கைக் கிட்டார், திருப்பிப் பூட்டிய கிட்டார். இடக்கைக் கிட்டார்களில் மாதிரிகள் குறைவு, சில நேரங்களில் முன்பதிவு செய்து காத்திருக்கவும் வேண்டியிருக்கும்; ஆனால் இயன்றவர்களுக்கு அதுவே தொல்லையற்ற வழி. இயலாதவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வழியை நாடுகிறார்கள், அங்கேதான் தவறுகள் நிகழ்கின்றன.

கிட்டாரைத் திருப்பிப் பூட்டும் முறை

முதலில் எந்தக் கிட்டாரைத் திருப்பலாம் என்று பார்ப்போம். நைலான் தந்தி பூட்டும் கிளாசிக்கல் கிட்டார்தான் இதற்கு மிகவும் ஏற்றது. அதன் உடல் இருபுறமும் ஒத்திருக்கும். தந்திகளைத் தாங்கும் சேடில் என்ற எலும்புத்துண்டு ஏறத்தாழ நேராகவே பதிக்கப்பட்டிருக்கும். ஸ்டீல் தந்தி அக்கூஸ்டிக் கிட்டாரில் அப்படியில்லை. அதன் சேடிலை மேலிருந்து பார்த்தால் அது சற்றுச் சாய்வாக, தடித்த தந்தியின் பக்கம் பின்வாங்கியிருப்பது தெரியும். தந்தியை மெட்டின் மேல் அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி சற்றே ஏறுகிறது. தடித்த தந்தியில் இந்த ஏற்றம் அதிகம் என்பதால் அதற்குக் கூடுதல் நீளம் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள். கிட்டாரைத் திருப்பினால் அந்தக் கூடுதல் நீளம் மெல்லிய தந்திக்குப் போய்விடுகிறது. திறந்த தந்திகளைச் சுருதி சேர்த்தால் சேர்ந்ததுபோலவே இருக்கும். கழுத்தில் மேலேறி வாசிக்க வாசிக்கத் தடித்த தந்திகள் ஏறிக்கொண்டே போகும். பதினைந்து வயதில் என்னைக் குழப்பியது இதுதான்.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. தந்தியை 12ஆவது மெட்டின் நேர் மேலே அழுத்தாமல் விரலால் வெறுமனே தொட்டு மீட்டி, ஒலித்ததும் விரலை எடுத்தால் மணியோசை போன்ற ஒரு சுரம் கேட்கும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்து ஒலித்தால் தந்தியின் நீளம் போதவில்லை, சேடில் பின்னே போக வேண்டும் என்று பொருள். அக்கூஸ்டிக் கிட்டாரில் சேடில் அமர்ந்துள்ள பள்ளமே சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், அதை அடைத்து எதிர்ச்சாய்வில் புதிதாக வெட்டினாலொழிய இது தீராது. நல்ல பட்டறைக்காரரால் செய்ய முடியும்; அந்தச் செலவுக்கு ஒரு சாதாரண இடக்கைக் கிட்டாரே வாங்கிவிடலாம் என்ற நிலையும் வரலாம். எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிச் சேடில் இருந்து, திருகைத் திருப்பி முன்னும் பின்னும் நகர்த்த முடிவதால் இந்தத் தொல்லை பத்து நிமிட வேலையில் தீர்ந்துவிடும்.

அடுத்தது நட். கழுத்தின் தலைப்பகுதியில், தந்திகள், சுருதி சேர்க்கத் திருகும் பிரடைக்குப் போகும் முன் அமரும் சிறிய வெள்ளைத் துண்டு அது. அதை ஒருமுறை கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஆறு பள்ளங்களும் ஒரே அகலத்தில் இருக்காது. அக்கூஸ்டிக் கிட்டாரின் மெல்லிய தந்தி ஏறத்தாழ 0.30 மில்லிமீட்டர், தடித்தது 1.35 மில்லிமீட்டர், நான்கு மடங்குக்கும் மேலான வேறுபாடு. தந்திகளை மட்டும் இடம் மாற்றினால் தடித்த தந்தி மெல்லிய பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்து, முதல் மெட்டில் அழுத்துவதற்கே விரல் நோகும். ஓங்கி மீட்டினால் பள்ளத்தை விட்டே துள்ளிவிடும். மெல்லிய தந்தியோ அகன்ற பள்ளத்தில் அங்குமிங்கும் ஆடிக் கரகரக்கும்.

அப்படியானால் நட்டையே கழற்றி இடம் வலமாகத் திருப்பி ஒட்டிவிடலாமே என்று தோன்றும். நானும் அதைச் செய்து பார்த்தவன்தான். பள்ளங்களின் அடிப்பாகம் சமதளமாக இருக்காது. கழுத்துப் பக்கம் உயர்ந்தும் தலைப்பக்கம் தாழ்ந்தும் சரிவாக அராவப்பட்டிருக்கும். தந்தி அதிரத் தொடங்கும் புள்ளி கழுத்துப் பக்கத்து விளிம்பில் துல்லியமாக அமைய வேண்டும் என்பதற்காகவே அந்தச் சரிவு. நட்டைத் திருப்பி ஒட்டினால் சரிவும் திரும்பிவிடும். தந்தி விளிம்பை விட்டுப் பின்னே போய் அமர்ந்து, சுருதியும் பிசகி, இரைச்சலும் சேரும். இடக்கைக்கென்று பள்ளம் வெட்டிய நட்டுகள் தனியாக விற்கப்படுகின்றன. உங்கள் கிட்டாரின் நட் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு வாங்குங்கள், அல்லது எலும்பிலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.

வேலையின் வரிசை இது. எல்லாத் தந்திகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். இறுக்கமாக இருக்கும்போது வெட்டாதீர்கள், முகத்தில் தெறிக்கும். தந்திகளைக் கழற்றியபின் நட்டின் ஓரங்களில் படிந்துள்ள வார்னிஷைக் கூரிய பிளேடால் கோடிட்டுப் பிரித்து, சிறு மரத்துண்டை வைத்துக் கழுத்துப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தட்டினால் நட் விடுபடும். கோடிடாமல் தட்டினால் வார்னிஷ் தோலுரிந்ததுபோல் பெயர்ந்து வந்துவிடும். பழைய பசையைச் சுரண்டி, புதிய நட்டை இரண்டு சொட்டுப் பசையோடு அமர்த்துங்கள். அதிகப் பசை வேண்டாம், நட்டை நிலைநிறுத்தப் போவது தந்தியின் அழுத்தமே. பிறகு புதிய தந்திகளை, மடியில் வைக்கும்போது தடித்த ஆறாவது தந்தி உங்கள் முகத்தை நோக்கி மேலே இருக்கும்படி பூட்டுங்கள். பழைய தந்திகளை மறுபடி பூட்ட முயல வேண்டாம். முன்பு வளைந்த இடத்தில் அவை முறியும். சுருதி வழக்கம்போல் ஆறாவதிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. நைலான் கிட்டாரில் ஓசை போதவில்லை என்று ஸ்டீல் தந்தியைப் பூட்டுவோரும் உண்டு. அந்த இழுவையைத் தாங்காமல், சேடில் பதிந்துள்ள பிரிட்ஜ் என்ற கட்டை பெயர்ந்துவிடும்.

இதன் பின்னும் ஒரு சிறு குறை இருக்கும், வாசிக்க உட்கார்ந்த பிறகே தெரியும். கழுத்தின் மேல் விளிம்பில், வாசிப்பவர் கண்ணில் படும்படி 3, 5, 7, 9, 12ஆம் மெட்டுகளுக்கு நேராகச் சிறு புள்ளிகள் வைப்பது வழக்கம். திருப்பியபின் அவை கீழ்விளிம்புக்குப் போய்விடுகின்றன. வெள்ளைப் பெயின்ட்டை ஊசிமுனையால் தொட்டு, இப்போது மேலே வந்துள்ள விளிம்பில் அதே இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். தோளில் மாட்டும் வாருக்கான குமிழையும் மறுபுறம் மாற்ற வேண்டியிருக்கலாம். எலெக்ட்ரிக் கிட்டாரானால் ஒலி அளவுக் குமிழ்கள் முழங்கைக்குக் கீழே வந்து தானாகத் திரும்பித் தொல்லை கொடுக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் பிரிட்ஜ் அருகில் தந்தியின் அதிர்வை வாங்கும் சாய்ந்த பிக்கப்பும் எதிர்ச்சாய்வாகிவிடுவதால் தடித்த தந்திகள் சற்றுக் கூர்மையாகவும் மெல்லியவை சற்றுக் கனமாகவும் ஒலிக்கும். ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரின் ஓசைக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

வயலின்

வயலினில் நான் வேறு ஆலோசனை சொல்வேன்: வலுவான காரணம் இல்லாவிட்டால் வழக்கமான பக்கத்திலேயே தொடங்குங்கள். வெளியே சமச்சீராகத் தெரியும் அந்தப் பெட்டியின் உட்புறம் சமச்சீரானதல்ல. தடித்த தந்தியின் பக்கம், தந்திகளைத் தாங்கும் குதிரையின் ஒரு காலுக்குக் கீழே, மேற்பலகையின் உட்புறத்தில் பேஸ் பார் என்ற நீண்ட மரச்சட்டம் ஒட்டப்பட்டிருக்கும். மெல்லிய தந்தியின் பக்கம், மற்றக் காலுக்குச் சற்றுப் பின்னே, சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரத்தூண் மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே பசையின்றி நிற்கும். தூணைப் பலகையின் துளை வழியே கருவி நுழைத்து இடம் மாற்றிவிடலாம். சட்டத்தை மாற்ற மேற்பலகையையே கழற்ற வேண்டும். குதிரையின் வளைவு, விரல்பலகையின் சரிவு, பிரடைகளின் வரிசை ஆகியவையும் மாற வேண்டும். சார்லி சாப்ளின் இடக்கையால் வயலின் வாசித்தவர். தம் வயலினில் பேஸ் பாரும் சவுண்ட் போஸ்ட்டும் கூட இடம் மாற்றி அமைக்கப்பட்டிருந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தந்திகளை மட்டும் மாற்றிப் பூட்டினால் வாசிக்க முடியும், ஓசை மெலிந்துபோகும்.

மேலைநாட்டு இசைக்குழுக்களில் இன்னொரு தடையும் உண்டு. ஒரே தாங்கியிலுள்ள இசைத்தாளைப் பார்த்து இருவர் வாசிக்கும் இடத்தில் ஒருவருடைய வில் மட்டும் எதிர்த்திசையில் போனால் இடிக்கும், பார்வைக்கும் உறுத்தும். கர்நாடக இசையில் இந்தத் தடை இல்லை. தரையில் அமர்ந்து, வயலினின் சுருள் தலையை வலப்பாதத்தில் ஊன்றுவதற்குப் பதிலாக இடப்பாதத்தில் ஊன்றினால் போதும். ஆனாலும் வாத்தியத்தைச் செய்விக்கும் சிரமம் அப்படியேதான் இருக்கிறது.

வலுவான காரணம் என்று நான் சொன்னது விரல் சேதம் போன்றவற்றை. வியன்னாவைச் சேர்ந்த ருடால்ஃப் கோலிஷ் சிறு வயதில் இடக்கை நடுவிரலின் நுனியை இழந்ததால் வில்லை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, தம் பெயரிலேயே ஒரு நால்வர் குழுவை நடத்தும் அளவுக்கு உயர்ந்தார். அழுத்தும் கையில் குறையுள்ள பிள்ளையை வலக்கைக்காரர் என்ற காரணத்துக்காக வழக்கமான பக்கத்திலேயே போராட விடுவது வீண் கொடுமை.

வீணை

வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் நேர்க்குறுக்காகப் பதிக்கப்பட்டிருப்பதால் 24 மெட்டுகளில் எதுவும் இடக்கைக்குத் தடையாகாது. தடை மற்ற இடங்களில் இருக்கிறது. வாசிப்புத் தந்திகள் நான்கு போக, தாளத்துக்கான மூன்று தந்திகள் தண்டி எனப்படும் கழுத்தின் ஒரு பக்கவாட்டில் ஓடுகின்றன. அவற்றுக்குத் தனிப் பிரடைகளும், பெரிய குதிரையோடு இணைந்த பக்கவாட்டுக் குதிரையும் உண்டு. அவற்றை மீட்டும் கையின் சுண்டுவிரல் தொட வேண்டும். வீணையை அப்படியே திருப்பினால் அந்த மூன்று தந்திகளும் மறுபக்கம் போய்விடும்; சுண்டுவிரல் அவற்றைத் தேடி அலையும். ஆகையால் வீணையில் திருப்பிப் பூட்டுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. செய்பவரிடம் முன்கூட்டிச் சொல்லி, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் முழுவதையும் எதிராகச் செய்யச் சொல்ல வேண்டும். தொடக்க மாணவருக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன். இழுப்பும் கமகமும் இடக்கையின் வேலையாக இருக்கும் இந்த வாத்தியத்தில், முன்னர் சொன்ன பாதி உண்மை முக்கால் உண்மையாகிறது.

பாடம் கேட்பதும் குழுவில் அமர்வதும்

இடக்கை மாணவருக்கு ஒரு சலுகை உண்டு. வலக்கை ஆசிரியருக்கு எதிரே அமர்ந்தால், கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அவர் கை அசையும் திசையிலேயே தன் கையும் அசையும். வலக்கை மாணவர்கள் மனத்தில் திருப்பிப் பார்த்துச் செய்ய வேண்டியதை இவர் பார்த்தபடியே செய்யலாம். காணொளிப் பாடங்களுக்கும் இது பொருந்தும். கார்டுப் படங்கள் மட்டும் இடம் வலமாகத் திருப்பப்பட வேண்டும். முதல் இருபது கார்டுகளைக் கையால் திருப்பி வரைந்து சுவரில் ஒட்டிக்கொண்டால் அதற்குள் பழகிவிடும். எண்களில் எழுதிய டேப் முறைக்கு எந்த மாற்றமும் வேண்டாம், ஏனெனில் அது தந்தி எண்ணையும் மெட்டு எண்ணையும் மட்டுமே சொல்கிறது.

வழக்கமான பக்கத்தில் பல ஆண்டுகள் வாசித்தபின் இந்தக் கட்டுரையைப் படிக்கும் இடக்கைக்காரர்கள் இப்போது மாற வேண்டாம். கைகள் கற்றுக்கொண்டதை அழித்து எழுத ஆகும் காலத்தில் புதிதாக இன்னொரு வாத்தியத்தையே கற்றுவிடலாம்.

மேடைக்கு வருகையில் இருக்கை வரிசையையும் யோசிக்க வேண்டும். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை (வலக்கைக்காரர்கள் வலக்கையால் வாசிக்கும் முகம்) அவையோரை நோக்கி இருக்க வேண்டும் என்றால், பாடகரின் வலப்பக்கம் அமரும் வழக்கத்தை விட்டு அவர் இடப்பக்கம் அமர வேண்டும். அங்கே அமரும் வயலின் கலைஞர் மறுபக்கம் போக வேண்டும். கிட்டார் குழுவில் சிக்கல் வேறு வகையானது: வலக்கைக்காரரின் கிட்டார்க் கழுத்து அவருடைய இடப்பக்கம் நீள்கிறது, இடக்கைக்காரருடையது வலப்பக்கம். எனவே வரிசையில் இடக்கைக்காரரை அவருடைய வலக்கோடியில் அமர்த்துங்கள். கழுத்து வெளிப்பக்கம் போகும், யார் கன்னத்திலும் இடிக்காது. இடக்கோடியில் அமர்த்தினால் பக்கத்திலிருப்பவர் கிட்டாரோடு ஒவ்வொரு பாட்டிலும் முட்டிக்கொள்ளும். பீட்டில்ஸ் குழுவின் பழைய படங்களில் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் ஒரே மைக்கில் கன்னத்தோடு கன்னம் ஒட்டிப் பாடுவதைப் பார்க்கலாம். அவர்கள் அவ்வளவு நெருங்கி நிற்க முடிந்தது, இருவரின் கழுத்துகளும் எதிரெதிர்த் திசையில் வெளியே நீண்டிருந்ததால்தான்.